சதுர அடிக்கு 22 ரூபாய்: தரையளவா, சுவரளவா?

கடலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் ஆற்றை நிரப்பிக்கொண்டு வந்தபோது, இவர் வீட்டுக்குள் இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அந்தக் கறையோடு கல்யாணம் வேண்டாம் என்று இந்தப் புரட்டாசியில் பெயிண்டிங் வேலை கொடுத்திருக்கிறார்.

புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கத்துப் பெயிண்டர் ஒருவர் வந்து பார்த்து, "பட்டி, பிரைமர், ரெண்டு கோட் எமல்ஷன், பொருளோட சதுர அடிக்கு 22 ரூபாய் அக்கா" என்று சொல்லியிருக்கிறார். (பட்டி என்பது சுவரைச் சமப்படுத்தும் மாவுப் பூச்சு, பிரைமர் அடிப்பூச்சு, எமல்ஷன் மேலே அடிக்கும் பெயிண்ட்.) வீடு கீழும் மேலும் சேர்த்து 1,100 சதுர அடி. 24,200 ரூபாய் ஆகும், மேலே கொஞ்சம் கூடலாம் என்று வாசகி கணக்குப் போட்டார். பேப்பரில் எதுவும் எழுதவில்லை. வேலை நடக்க நடக்க மூன்று தவணையாகக் கேட்டதில் 60,000 ரூபாய் ஜிபேயில் போய்விட்டது. ஐப்பசி மழையில் வேலை நின்றது. மாடிக் கைப்பிடிச் சுவரும் படிக்கட்டுச் சுவரும் பாக்கி. ஹாலிலும் படுக்கையறையிலும் கீழ்ப்பகுதி கொப்பளித்து உரிகிறது. இதற்கிடையில் பெயிண்டர் அனுப்பிய பில்: 4,850 சதுர அடி, 1,06,700 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 19,206 ரூபாய். ஆக மொத்தம் 1,25,906.

"எழுதி வாங்காததால் எனக்கு உரிமை எதுவும் இல்லையா? கேஸ் போட வேண்டுமென்றால் புதுச்சேரிக்கு அலைய வேண்டுமா? அவருடைய ஏணியும் ஸ்பிரே மெஷினும் என் வீட்டில் இருக்கின்றன. கணக்குத் தீரும்வரை தரக் கூடாது, போலீசில் மோசடிப் புகார் கொடு என்கிறான் தம்பி. இனி ஒரு பைசா தர எனக்கு மனமில்லை. நேற்று அவரிடம் வேலை செய்த பையன் ஒருவன் வந்து, மூன்று நாள் கூலி வரவில்லை என்று வாசலில் நின்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்யாணச் செலவுக்கு வைத்த பணம் கண்ணெதிரே சுவரிலிருந்து உரிந்து விழுவதைப் பார்ப்பது எவ்வளவு வேதனை என்று புரிகிறது. உங்களுக்கு உரிமை இருக்கிறது, நல்ல உரிமையே இருக்கிறது. ஆனால் நீங்கள் கோபப்படுகிற இடம் ஒன்று, சட்டம் உங்கள் பக்கம் நிற்கிற இடம் வேறொன்று. அதை முதலில் பிரித்துக்கொள்வோம்.

எந்தச் சதுர அடி?

உங்கள் படுக்கையறை 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். தரை 120 சதுர அடி. ஆனால் பெயிண்டர் தரைக்கு அடிப்பதில்லை. நான்கு சுவரையும் சுற்றி டேப் பிடித்தால் 44 அடி. உயரம் 10 அடி என்றால் சுவர் மட்டும் 440 சதுர அடி. சீலிங் 120. மொத்தம் 560. கதவு 3க்கு 7, ஜன்னல் 4க்கு 4. அந்த 37ஐக் கழித்தால் 523. தரையைப் போல நாலு மடங்குக்கும் மேலே. எமல்ஷன் ஒரு லிட்டர், ரெண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 60 சதுர அடி வரும் என்று வைத்தால், அந்த ஓர் அறைக்கே எட்டு ஒன்பது லிட்டர் வேண்டும். வீடு முழுக்க நாலு பெரிய வாளி ஆகும். பட்டி, பிரைமர், ஆள் கூலி எல்லாம் அதற்கு அப்புறம்தான். பக்கத்துப் பெயிண்ட் கடையில் ஒரு வாளி விலையைக் கேட்டுப் பாருங்கள், 24,200 ரூபாயில் இந்த வேலை முடியாது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சதுர அடி என்றால் சுவரளவு என்பது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. உங்களுக்குப் புரிந்ததா என்று கேட்காமல் விட்டது அவர் தவறு. அந்த முதல் நாளில் ஒரு துண்டுச் சீட்டில் மொத்த அளவை எழுதிக் காட்டியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஆனாலும் சுவரளவுக்குக் கணக்குப் போட்டதை மோசடி என்று எந்த நுகர்வோர் ஆணையமும் சொல்லாது. 24,200க்குத்தான் பேசினோம் என்ற வாதத்தை நீங்கள் விட்டுவிடுவது நல்லது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் உங்களுடைய நியாயமான மற்ற வாதங்களும் பலவீனப்படும்.

ஆனால் 4,850 என்ற எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நீங்களும் உறவில் ஒருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் நோட்டும் எடுத்து அறை அறையாக அளந்து எழுதுங்கள். நீளம், உயரம், கழிவு எல்லாம் தனித்தனி வரியில் இருக்கட்டும். அளவு எடுக்க ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலையே இருக்கிறது. அதன்படி அரை சதுர மீட்டருக்குள் அடங்கும் சின்னத் திறப்புகளைக் கழிப்பதில்லை. அதாவது வென்டிலேட்டரைக் கழிக்கக் கேட்காதீர்கள், கதவையும் பெரிய ஜன்னலையும் கேளுங்கள். கடப்பா கல் ஷெல்ஃபுக்குப் பின்னால், டைல்ஸ் ஒட்டிய சுவரில் எல்லாம் அளவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலும் அளவு கூடுவது சமையலறையிலும் பாத்ரூமிலும்தான்.

அந்த 19,206 ரூபாய்

இதில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. ஜிஎஸ்டியில் பதிவு செய்யாத ஒருவர் பில்லில் வரி என்று போட்டு வசூலிக்கக் கூடாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 32ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. நீங்கள் அனுப்பிய பில் படத்தில் ஜிஎஸ்டி எண் எங்கும் இல்லை. பதிவு இருந்தால் 15 எழுத்தும் இலக்கமும் கொண்ட எண் இருக்கும். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்றும் புதுச்சேரிப் பதிவு 34 என்றும் தொடங்கும். எண்ணைக் கேளுங்கள். கொடுத்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டு, அந்தப் பெயர்தானா என்று பார்க்கலாம். கொடுக்கவில்லையென்றால் அந்த 19,206 ரூபாய் பில்லிலிருந்து போய்விடும். பெயிண்டுக்கான 18 சதவீத வரியை அவர் கடையிலேயே கட்டிவிட்டார்; "பொருளோட 22" என்று சொன்ன விலைக்குள் அது அடங்கிவிட்டது.

உரிந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள்

உங்கள் படங்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது, கொப்பளம் எல்லாம் இடுப்பு உயரத்தோடு நின்றுவிடுகிறது என்பது. அதற்கு மேலே சுவர் பளிச்சென்று இருக்கிறது. வெள்ளம் நின்ற அதே கோடு.

விழுந்து கிடக்கும் ஒரு செதிலை எடுத்து முதுகைப் பாருங்கள். பெயிண்ட் தோல் மட்டும் வழவழவென்று கழன்று வந்து, பட்டி சுவரிலேயே இருந்தால், உப்புத்தாள் போட்ட தூசியைத் துடைக்காதது, பிரைமர் அடிக்காதது, தண்ணீர் அதிகமாகக் கலந்தது போன்ற வேலைக் குறைகள்தான் பெரும்பாலும் காரணம். பட்டியும் சேர்ந்து வந்து, பின்னால் சுவர்ப்பூச்சு மாவு மாவாக உதிர்ந்து வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், கோளாறு சுவருக்குள் இருக்கிறது. வெள்ளத்தில் குடித்த உப்பு சுவரிலேயே தங்கி, மழைக்காலக் காற்றில் ஈரத்தை இழுத்து மேல்பூச்சைத் தள்ளுகிறது. கடலோரத்தில் இது நமக்குப் பழகிய விஷயம். இது நான் முடிவு செய்ய வேண்டியதல்ல, கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் வழக்கின் தலைவிதியே இதில் இருப்பதால் சொல்கிறேன்.

சுவரே கோளாறு என்றால் பெயிண்டர் தப்பித்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். தொழில் தெரிந்தவர் வந்து சுவரைப் பார்த்திருக்கிறார். வெள்ளக் கறை கண்ணெதிரே இருந்திருக்கிறது. நீங்கள் கேட்டதற்கு அவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள்: "அதெல்லாம் பட்டி போட்டா சரியாயிடும்கா." அந்தப் பதிவு தங்கத்துக்குச் சமம். அவர் உறுதி கொடுத்தார், நீங்கள் நம்பி வேலையைக் கொடுத்தீர்கள், ஒரே மழையில் உரிந்தது: நுகர்வோர் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்று வாதிட இது போதுமான அடித்தளம். மாறாக, "சுவர் இன்னும் காயல, பொறுத்து அடிக்கலாம்" என்று அவர் சொல்லி, தீபாவளிக்குள் வேண்டும் என்று நீங்கள் அவசரப்படுத்தியிருந்தால் பொறுப்பில் ஒரு பங்கு உங்களுக்கும் வரும். அப்படி நடந்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும். என்னிடமோ வேறு வழக்கறிஞரிடமோ போகும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள்

அவர் அளவே சரி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1,06,700. நீங்கள் கொடுத்தது 60,000. மீதி 46,700. முடிக்காத கைப்பிடிச் சுவரும் படிக்கட்டும் சுமார் 500 சதுர அடி என்கிறீர்கள். அவற்றையும் பில்லில் சேர்த்திருந்தால் 11,000 குறையும். 35,700. உரிந்த பகுதி 3 அடி உயரத்துக்கு 70 அடி ஓட்டம், 210 சதுர அடி. அதன் விலை 4,620. மீதி 31,080. அளவு குறைந்தால் இன்னும் இறங்கும். சுரண்டிப் பூசித் திரும்ப அடிக்கும் செலவையும் கேட்டால் மேலும் இறங்கும். ஒண்ணேகால் லட்சம் என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டிய தொகை இந்த 31,080 ரூபாய்க்குள்தான் இருக்கிறது.

ஒரு பைசா தரமாட்டேன் என்பதும் சரியாக வராது. செய்த வேலைக்கு, குறையைக் கழித்துக்கொண்டு, நியாயமான விலையைச் சட்டம் எதிர்பார்க்கும். வாசலில் நின்ற பையனுக்குக் கூலி தரும் கடமை உங்களுக்கு இல்லை, அது பெயிண்டருடையது. ஆனாலும் உங்கள் வீட்டுச் சாரத்தில் ஏறி நின்று வேலை செய்த பிள்ளை அவன். நீங்கள் மறுக்காத தொகை ஏதாவது அளவில் தெளிந்தால், அதிலிருந்து முதலில் ஆட்களுக்குக் கூலி போகட்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி, "என் உரிமைகளுக்குப் பங்கமில்லாமல்" என்ற வரியையும் சேர்த்துப் பெயிண்டருக்கு அனுப்புங்கள். அவனிடம் நேரில் பணமாகக் கொடுக்காதீர்கள். கணக்கில் வராமல் போய்விடும்.

தம்பி சொன்ன இரண்டும்

ஏணியையும் மெஷினையும் பிடித்து வைக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லை. பழுதுக்குக் கொடுத்த மோட்டாரைக் கூலி வரும்வரை மெக்கானிக் வைத்துக்கொள்ளலாம். அந்த உரிமை உங்கள் நிலைக்குப் பொருந்தாது. அவர் உங்கள்மேல் புகார் கொடுக்க நீங்களே வழி செய்து கொடுத்தது போலாகிவிடும். பொருள்களைப் பட்டியல் எழுதிப் படம் எடுத்து, இன்ன தேதியில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று தகவல் அனுப்பி, கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

போலீஸ் விஷயமும் அப்படித்தான். மோசடி என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பட்டி போட்டு, ஆள் வைத்து, இரண்டு மாதம் வேலை செய்தவர்மேல் அதைக் காட்டுவது கடினம். நிலையத்தில் மனு ரசீது தருவார்கள், கூப்பிட்டுப் பேசுவார்கள். பணத்தை வசூலித்துத் தர அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் "ஆளோட வருவேன்" என்று அவர் போனில் சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது வேறு. அப்படி வந்தாலோ மறுபடி மிரட்டினாலோ தயங்காமல் 100க்கு அழையுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள்.

எழுதவில்லையே என்ற கவலை

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. நிரூபிப்பதுதான் கேள்வி. உங்களிடம் ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவுகள், குரல் பதிவு, பில், படங்கள் இருக்கின்றன. பலருக்கு இதில் பாதிகூட இருக்காது. போனை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்தை முறைப்படி தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதற்கு மூலப் பதிவு உங்கள் போனிலேயே இருப்பது நல்லது.

எங்கே போவது

புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்குக் கடலூர் மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து பார்க்கலாம். சட்டம் மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் முடிக்கச் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். தைக்குள் தீர்ப்பு வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இந்தத் தொகைக்கு, என் மனதுக்குச் சரியாகப் படுவது சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், உங்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. வழக்குப் போடுவதற்கு முன்பே இருவரையும் அழைத்துப் பேச வைப்பார்கள். அவர்கள் நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு எழுதிக் கையெழுத்தானால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. உடன்பாட்டில் வெறும் தொகையை மட்டும் எழுதாதீர்கள். கைப்பிடிச் சுவரை யார் எந்தத் தேதிக்குள் முடிப்பது, உரிந்த சுவரை யார் செலவில் பார்ப்பது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பேச்சு முறிந்தால் அப்போது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வழி மூடிவிடாது.

அடுத்த ஆளிடம் பேசும்போது

மிச்ச வேலைக்கு வேறொருவரை வைப்பதாக இருந்தால், ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மொத்தச் சதுர அடி எவ்வளவு, எப்படி அளந்தது. பெயிண்டின் கம்பெனி மட்டுமல்லாமல் அதன் ரகப் பெயரும் (ஒரே கம்பெனியில் ஒன்றுக்கு மூன்று மடங்கு விலை வித்தியாசமுள்ள ரகங்கள் இருக்கின்றன). பட்டி எத்தனை கோட், பெயிண்ட் எத்தனை கோட். வரி சேர்ந்த விலையா. முடிந்தால் பொருளை நீங்களே உங்கள் பெயரில் பில் போட்டு வாங்கி, கூலியை மட்டும் பேசுங்கள். டின்னை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்று டின்மேலேயே அச்சிட்டிருக்கும். பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல் வேலை கணக்கில் கொடுங்கள்: பட்டி முடிந்தால் இவ்வளவு, முதல் கோட் முடிந்தால் இவ்வளவு. பத்தில் ஒரு பங்கையாவது வேலை முடிந்து ஒரு மாதம் வரை கையில் வையுங்கள்.

கடைசியாகக் கல்யாண வீட்டு விஷயம். உரிந்த சுவரை இப்படியே வைத்துக்கொண்டு பந்தல் போட முடியாது, சரி செய்துதான் ஆக வேண்டும். ஆனால் சுரண்டுவதற்கு முன்னால் ஒரு பொறியாளரை அழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அவர் வரும் தேதியையும் நேரத்தையும் பெயிண்டருக்கு எழுதி, விருப்பமிருந்தால் வந்து பார்க்கலாம் என்று தெரிவியுங்கள். ஸ்பீடு போஸ்டில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று. சுவரோரம் டேப்பை நிறுத்தி, உயரம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். இரண்டு மூன்று செதில்களை ஒரு கவரில் போட்டு, எந்த அறை, எந்தச் சுவர், என்ன தேதி என்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். அப்புறம் சுரண்டலாம். மார்கழி முழுக்கச் சுவரைக் காற்றாட விடுங்கள். உதிரும் பூச்சை எடுத்துவிட்டுப் புதுப்பூச்சு போட வேண்டுமா என்று அந்தப் பொறியாளரே சொல்வார். தைக்குள் காயாவிட்டால் அந்த மூன்றடியை அப்படியே விட்டு, பந்தல்காரரிடம் துணி கட்டச் சொல்லுங்கள். ஈரச் சுவரில் இன்னொரு முறை பட்டி போட யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.